100 எம்பிபிஎஸ் வேகம் எல்லோரும் தருகிறார்கள், அப்புறம் எதைப் பார்த்து வீட்டுக்கு நெட் எடுப்பது?

வீட்டுக்கு எந்த நெட் போடலாம் என்று கேட்டால் போதும், பத்து நிமிடத்தில் பத்துப் பதில் வந்துவிடும். ஒருவர் ஏர்டெல் என்பார், இன்னொருவர் ஜியோ என்பார், பிஎஸ்என்எல் ஃபைபர் மாதிரி வராது என்று ஒருவர் சத்தியம் செய்வார், ஆக்ட் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு ஒரு பிரச்சினையும் இல்லை என்பார் மற்றவர். அதே நாலு நிறுவனங்களையும் திட்டித் தீர்க்க அங்கேயே வேறு நாலு பேர் இருப்பார்கள். இதில் பொய் சொல்பவர் யாரும் இல்லை. வேளச்சேரியில் ஒரு தெருவில் அருமையாக ஓடும் நெட், ரெண்டு தெரு தள்ளி வாரம் ஒருமுறை படுத்துக்கொள்ளும். பெயர் ஒன்றுதான், ஆனால் தெருவில் கம்பி இழுத்தவர் வேறு, பெட்டி வேறு, சில சமயம் தொழில்நுட்பமே வேறு. அதனால் எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கு ஊர் முழுக்கப் பொருந்தும் பதில் கிடையாது. உங்கள் தெருவில் யார், எப்படி இழுத்திருக்கிறார்கள், அங்கிருந்து டேட்டா எந்த வழியாகப் போகிறது, வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வர வழி இருக்கிறதா என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

வேகத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். வீடியோ கால் அதைவிடக் குறைவு. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். பெரிய கேம், பெரிய ஃபைல் அடிக்கடி இறக்குபவர்களுக்கு 200, 300 பிரயோசனப்படும், அவ்வளவுதான். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால்தான் மெகாபைட், ஆகவே 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12 மெகாபைட் சொச்சம் வந்தால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. 300க்குக் காசு கட்டியும் சரியாக 94, 95லேயே நிற்கிறது என்றால் குறை பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் போகும் கேபிளின் நாலு ஜோடிக் கம்பியில் ஒன்று போனாலே ஜிகாபிட் 100க்கு இறங்கிவிடும். சில பெட்டிகளில் போர்ட்டே 100தான். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தால், அடுக்குமாடி வீட்டில் பக்கத்து ஃபிளாட்காரர்களின் ரூட்டர்களோடு மல்லுக்கட்டி 40 வந்தாலே பெரிய விஷயம். கஸ்டமர் கேரில் சண்டை போடும் முன் லேப்டாப்பில் கேபிளைச் செருகி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"அன்லிமிடெட்" என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஜியோஃபைபர், ஏர்டெல் இரண்டிலும் வீட்டுத் திட்டங்களுக்கு மாதம் 3.3 டெராபைட் என்று எஃப்யூபி, அதாவது தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் எல்லை, வைத்திருக்கிறார்கள். சாதாரண வீட்டில் அதைத் தொடுவது கஷ்டம். வீட்டில் சர்வர் வைத்து இரவு பகலாக பேக்கப் அனுப்புகிறவர் தொடலாம்.

இனி தெருவுக்கு வருவோம். நம் ஊரில் ஃபைபர் என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வீட்டுக்குள்ளேயே கண்ணாடி இழை வந்து, ஒளியை டேட்டாவாக மாற்றும் ஓஎன்டி பெட்டியில் முடிவது. இதற்கு ஜிபான் என்று பெயர். நிறுவனத்தின் பெரிய பெட்டியிலிருந்து கிளம்பும் ஒரே இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள், எல்லாருக்குமாகச் சேர்த்து கீழே வருவது 2.5 ஜிகாபிட், மேலே போவது 1.25 ஜிகாபிட். அந்த ஸ்பிளிட்டருக்கு கரண்டே தேவையில்லை. இன்னொன்று பழைய முறை. கட்டடம் வரை ஃபைபர் வரும், அங்கே மொட்டை மாடியிலோ மீட்டர் பெட்டி பக்கத்திலோ ஒரு ஸ்விட்ச் வைத்து, அதிலிருந்து வீடுகளுக்கு சாதாரண ஈதர்நெட் கேபிள் இழுப்பார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல வேலை செய்யும். கரண்ட் போனால்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ரூட்டர் விளக்கெல்லாம் எரியும், ஆனால் மாடியில் இருக்கும் ஸ்விட்சுக்கு பேட்டரி செத்து ஆறு மாசம் ஆகியிருக்கும், நெட் வராது. இடியோடு மழை பெய்தால் அந்தச் செம்புக் கேபிள் வழியாக சர்ஜ் வந்து ரூட்டர் போர்ட்டும் எரியும். கண்ணாடி இழையில் அந்தப் பயம் கிடையாது. அதனால் கனெக்‌ஷன் கேட்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: வீட்டுக்குள் வருவது ஃபைபரா, ஈதர்நெட் கேபிளா?

ஃபைபர் என்றால் அடுத்த விஷயம் ஒளியின் அளவு. ஓஎன்டி பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், மைனஸ் 18, மைனஸ் 22 என்று. பொதுவாக மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருந்தால் பெட்டி வேலை செய்யும். 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரே சுமார் 17 டெசிபல் தின்றுவிடும், மிச்சத்தைத் தின்பது தூரம், வளைவு, இணைப்பு. இதில் தூரம் பெரிய எதிரி கிடையாது, ஒரு கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல்தான் போகும். ஜன்னல் ஓரம் நறுக்கென்று மடித்து ஆணி அடிப்பதும், மெஷின் வைத்து இழையை உருக்கி ஒட்டாமல் (ஸ்பிளைஸ்) கையாலேயே கனெக்டர் மாட்டிவிட்டுப் போவதும்தான் லைனைக் கெடுக்கும். மாட்டிய அன்று மைனஸ் 20 என்று இருந்த எண் ஒரு வருஷத்தில் மைனஸ் 27க்கு இறங்கும், அப்புறம் வெயில் ஏறினால் துண்டிப்பு, மழை பெய்தால் துண்டிப்பு. கனெக்‌ஷன் கொடுத்த அன்றே அந்த எண்ணை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புகார் சொல்லும்போது "நெட் ஸ்லோவா இருக்கு" என்பதற்கும் "ஆர்எக்ஸ் மைனஸ் 20ல இருந்து 27க்கு இறங்கிடுச்சு" என்பதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

அந்தப் புகாரை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருபவர் யார் என்பது அடுத்தது. பல இடங்களில் லைன்மேன் நிறுவனத்தின் ஆள் கிடையாது. பிஎஸ்என்எல் ஃபைபரை எடுத்துக்கொண்டால், பெரும்பாலான ஊர்களில் கனெக்‌ஷன் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் வருமானத்தில் பங்கு வாங்கும் உள்ளூர் பார்ட்னர்கள். பழைய கேபிள் டிவிக்காரர்களே பல ஊர்களில் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். ஆள் நல்லவராக அமைந்தால் இதைப் போல வசதி வேறு இல்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னாலும் காலையில் ஏணியோடு வந்துவிடுவார். சரியில்லாதவர் என்றால் மேலே இருக்கும் பெரிய பெயரால் எந்தப் பலனும் இல்லை. எனக்கு ஒரு நிறுவனத்தில் நடந்தது இது: டிக்கெட் போடுவேன், வேலை முடிந்தது என்று எஸ்எம்எஸ் வரும், ஆள் வந்திருக்கவே மாட்டார், மறுபடி டிக்கெட். கடைசியில் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் லைன்மேன் நம்பர் வாங்கித்தான் விஷயம் முடிந்தது. கனெக்‌ஷன் எடுக்கும் முன் அந்த அண்ணாச்சியிடமே கேட்டிருக்கலாம், பில் போடும் மெஷினுக்கு அவரும் ஏதோ ஒரு நெட்தான் வைத்திருந்தார்.

இழை எந்த வழியாக வருகிறது என்று அண்ணாந்து பாருங்கள். நம் ஊர்களில் முக்கால்வாசி ஃபைபர் தெருவிளக்குக் கம்பத்திலும் மரக்கிளையிலும் தொங்குகிறது. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது மரங்களோடு சேர்ந்து பல தெருக்களில் இந்த இழைகளும் தரைக்கு வந்தன. 2023 டிசம்பர் மிக்ஜாம் நேரத்தில் கரண்ட்டும் போய், வெள்ளமும் நின்று, நாள் கணக்கில் நெட் இல்லாமல் கிடந்த இடங்கள் உண்டு. புயலை விடுங்கள், சாதாரண நாளிலேயே லாரி ஒன்று கொஞ்சம் உயரமாக லோடு ஏற்றி வந்தால் போதும். ஆகவே ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆட்கள் நம்பிக்கைக்காக இரண்டு கனெக்‌ஷன் எடுக்கும்போது, இரண்டும் ஒரே கம்பத்தில் ஒரே கொத்தாகக் கட்டி வந்தால் அதில் பாதிப் பயன் போய்விடுகிறது. ஒன்று ஃபைபர், மற்றது மொபைல் டேட்டா அல்லது 5ஜி பெட்டி என்று பிரித்து வைத்தால் லாரியால் இரண்டையும் அறுக்க முடியாது. கரண்ட் போகும் நேரத்துக்கு, பெரிய இன்வெர்ட்டர் இல்லாவிட்டாலும், 12 வோல்ட் ரூட்டர் யூபிஎஸ் என்று சின்னதாக விற்கிறார்கள், ஓஎன்டியும் ரூட்டரும் ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும்.

5ஜி பெட்டி என்றேன். 2023ல் ஏர்டெல்லும் ஜியோவும் ஏர்ஃபைபர் என்று கொண்டு வந்தது, ஃபைபர் என்ற பெயர் இருந்தாலும், மொபைல் டவரிலிருந்து காற்று வழியாக வருவது. ஃபைபர் வராத இடத்தில் வரப்பிரசாதம். ஆனால் டவரில் கூட்டம் ஏறினால் வேகம் இறங்கும், அப்லோடு குறைவு, பிங் (டேட்டா சர்வர் வரை போய்த் திரும்பும் நேரம்) நிலையாக நிற்காது, வரம்பும் ஃபைபரைவிடச் சிறியது. சீரியல் பார்க்கப் போதும். கேம் ஆடுகிறவருக்கும் சர்வர் வைக்கிறவருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன்.

சரி, இழை நன்றாக வந்துவிட்டது, ஆள் நல்லவர். இப்போது பேசவேண்டியது யாரும் விளம்பரத்தில் போடாத சங்கதி: நிறுவனத்தின் வாசலைத் தாண்டி டேட்டா எந்த வழியாகப் போகிறது என்பது. ஸ்பீட்டெஸ்ட் இதைக் காட்டாது. அது தானாகத் தேர்ந்தெடுப்பது உங்களுக்கு மிக அருகில் இருக்கும் சர்வரை, பல நேரம் உங்கள் நிறுவனமே வைத்திருப்பதை. நிறுவனத்தின் வீட்டு வாசல் வரை ஓடிக் காட்டிவிட்டு 300 என்று பச்சை எண் போடும். ஃபாஸ்ட்.காம் நெட்ஃபிளிக்ஸ் சர்வரோடு பேசும், அந்தச் சர்வரும் பெரும்பாலும் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். உண்மை தெரிய வேண்டுமென்றால் ஸ்பீட்டெஸ்டில் கையால் மும்பையும் சிங்கப்பூரும் தேர்ந்தெடுத்து, இரவு ஒன்பது மணிக்கு, எல்லா வீட்டிலும் படம் ஓடும் நேரத்தில் பாருங்கள்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதாவது ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர 10 மில்லி செகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை கடலுக்கடியில் நேராகக் கிடக்கும் ஐடூஐ கேபிள், டாடாவின் டிஐசி கேபிள் எல்லாம் 3,200 கிலோமீட்டர் பக்கம், ஆக 32 மில்லி செகண்டுக்குக் கீழே யாராலும் தர முடியாது, 35, 40 வந்தால் நல்ல நெட். அதே சிங்கப்பூருக்கு 80, 90 காட்டுகிறது என்றால் உங்கள் டேட்டா முதலில் மும்பை போய், அங்கிருந்து கடல் ஏறி, இந்தியாவை ஒரு சுற்று சுற்றிப் போகிறது என்று அர்த்தம். இதில் வேடிக்கை, கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருப்பவர் சென்னையில் உள்ள சர்வரைத் தொடுவதற்கும் சிறிய நிறுவனங்களில் மும்பை போய்த் திரும்புவது உண்டு. மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குத் தாம்பரம் சுற்றிப் போகும் கதை. காரணம், இரண்டு நெட்வொர்க்குகள் சந்தித்துக் கைமாற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். சென்னையில் நிக்ஸி, டிஇ-சிஐஎக்ஸ் போன்ற இணைப்பு மையங்கள் இருக்கின்றன. உங்கள் நிறுவனமும் எதிர்த்தரப்பும் இரண்டுமே அங்கே கை கோர்த்திருந்தால் டேட்டா ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். ஒருவர் அங்கே இல்லை, அல்லது இருந்தும் காசுத் தகராறில் கைகுலுக்கவில்லை என்றால் ஊர் சுற்றல்தான்.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. விண்டோஸில் டிரேசர்ட் (tracert) கட்டளையோடு சர்வர் முகவரியைக் கொடுத்தால் வழியில் உள்ள ரூட்டர்கள் வரிசையாக வரும், அவற்றின் பெயர்களில் பல நிறுவனங்கள் விமான நிலையக் குறியீட்டை வைத்திருக்கும். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் மும்பை, எஸ்ஐஎன் சிங்கப்பூர். பிரிட்டனில் இருக்கும் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடலில் சீ-மி-வி 4, ஐமிவி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும் வழி நெரிசலானது. அப்போது மாற்றுக் கேபிள்களில் இடம் வாங்கி வைத்திருந்த நெட் நிறுவனங்கள் தப்பித்தன. சின்ன நிறுவனம் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பது, மேலே ஒரே ஒரு ஆள்தான் என்றால் அவன் விழுந்தால் இவனும் விழுவான். லைன்மேனிடமே "உங்களுக்கு மேலே யார் யார்?" என்று கேட்டுப் பாருங்கள், ஆச்சரியமாகப் பலர் ஒளிக்காமல் சொல்வார்கள்.

கேம் ஆடுகிறவர்கள் எந்த கேம் என்று யோசித்துவிட்டுத்தான் நெட்டைத் தேட வேண்டும். வாலரண்ட் சர்வர் மும்பையில், ஆகவே சென்னையிலிருந்து 20 முதல் 30 மில்லி செகண்ட் நல்ல அளவு. கவுண்டர்-ஸ்டிரைக்குக்கு சென்னையிலேயே சர்வர் உண்டு, அதில் ஒற்றை இலக்கம் எதிர்பார்க்கலாம். எண் குறைவாக இருப்பதைவிட ஆடாமல் நிற்பது முக்கியம். 35லேயே நிற்கும் லைன், 12க்கும் 140க்கும் இடையே குதிக்கும் லைனைவிட மேல். வீட்டில் ஒருவர் போன் போட்டோக்களை கூகுளுக்கு ஏற்றும்போது மட்டும் பிங் எகிறுகிறது என்றால் நிறுவனத்தைத் திட்டாதீர்கள், அது ரூட்டரில் வரிசை தேங்குவது. எந்த டேட்டா முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும் வேலையை (கியூஓஎஸ்) ஒழுங்காகச் செய்யும் ரூட்டர் ஒன்று வாங்கினால் தீரும்.

கடைசியாக, வீட்டுக்குள்ளே சர்வர் வைப்பவர்கள். பழைய லேப்டாப்பில் போட்டோ பேக்கப், படங்கள், பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்ட், கடையில் மாட்டிய சிசிடிவியை போனில் பார்ப்பது, இதெல்லாம் சர்வர்தான். இங்கேதான் நிறுவனத் தேர்வு உண்மையிலேயே கழுத்தைப் பிடிக்கும். இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் ஐபிவி4 எண் முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடி சொச்சம். நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் தாராளமாகக் கிடைத்த காலம் 2011 ஏப்ரலோடு முடிந்தது. அதற்குப் பின் கோடிக்கணக்கில் வாடிக்கையாளர் சேர்த்தவர்கள் என்ன செய்வார்கள், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டார்கள். சிஜிநாட் என்பது இதுதான். வெளியே போக ஒரு தொல்லையும் இல்லை. வெளியிலிருந்து உள்ளே வர வழி கிடையாது, ரூட்டரில் உள்ளே வரக் கதவு திறக்கும் போர்ட் ஃபார்வர்டு செட்டிங் எத்தனை போட்டாலும் அந்தக் கதவு நிறுவனத்தின் பெட்டியில் மூடியே இருக்கும். ஜியோஃபைபர் வீட்டு இணைப்பு இப்படித்தான், மற்றவர்களிடம் ஊருக்கு ஊர் மாறும். கண்டுபிடிப்பது சுலபம். ரூட்டரின் செட்டிங்கில் தெரியும் வேன் (WAN) ஐபியையும், அதாவது அதன் வெளிப்பக்க முகவரியையும், கூகுளில் என் ஐபி என்ன என்று கேட்டால் வருவதையும் ஒப்பிடுங்கள். வேறு வேறு என்றால், அதுவும் ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள்.

இதற்கு வழிகள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு விலையும் உண்டு. நேர்வழி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கென்றே மாறாத பொது முகவரி, தனிக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எடுப்பதற்கு முன் "தருவீங்களா" என்று கேட்டால் விற்பனைப் பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், எந்தத் திட்டத்தில், எவ்வளவுக்கு என்று மெயிலில் வாங்குங்கள். சில நிறுவனங்கள் அடிக்கடி மாறும் பொது ஐபி தருவார்கள், கேட்டால் சும்மாவே மாற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதோடு மாறும் முகவரியை ஒரே பெயரில் பிடித்துத் தரும் டக்டிஎன்எஸ் போல ஒன்றைச் சேர்த்தால் வீட்டு உபயோகத்துக்குப் போதும். இரண்டாவது வழி, முகவரிப் பஞ்சமே இல்லாத புதிய முறையான ஐபிவி6. நம் நாட்டில் இது நன்றாகவே பரவியிருக்கிறது, ஜியோ, ஏர்டெல் மொபைலிலிருந்து வீட்டு சர்வரை நேரடியாகத் தொடலாம். ஆனால் நிறுவனம் கொடுத்த பெட்டியின் ஃபயர்வாலைத் திறக்க விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும், ஆபீஸ் நெட்டில் ஐபிவி6 இல்லாவிட்டால் அங்கிருந்து எட்டாது. மூன்றாவது, நிறுவனத்தையே கண்டுகொள்ளாமல், உங்கள் போனையும் சர்வரையும் ஒரு தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியைப் போடுவது. வீட்டு ஆட்கள் மட்டும் பயன்படுத்தும் சர்வருக்கு என் ஓட்டு இதற்குத்தான், இலவசம், கதவும் திறக்க வேண்டாம். ஊருக்கே தெரியும் இணையதளம் என்றால், வருகிறவர்களைத் தன் வழியாக உங்கள் சர்வருக்கு அனுப்பும் கிளவுட்ஃபிளேர் டனல் இருக்கிறது, ஆனால் அதன் வழியாகப் படங்களை ஓட்டுவதை அவர்கள் விதிகள் விரும்புவதில்லை. அதற்கு பெங்களூரிலோ மும்பையிலோ சின்னதாக ஒரு விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வர்) எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் பாதை போட்டுக்கொள்ளலாம்.

சர்வருக்கு டவுன்லோடு எண்ணைப் பார்க்கவே தேவையில்லை, அப்லோடுதான் எல்லாம். நிறுவனம் "அப் டு" இத்தனை எம்பிபிஎஸ் என்று போடுவது டவுன்லோடுக்கா அப்லோடுக்கா என்று பார்த்து, இரண்டு பக்கமும் சமமா என்று கேளுங்கள். வீட்டுத் திட்டத்தில் வணிக சர்வர் கூடாது என்று பொடி எழுத்தில் இருப்பதும் வழக்கம், மெயில் சர்வருக்கான 25ஆம் போர்ட்டைப் பலர் அடைத்தே வைத்திருப்பார்கள்.

பணம் கட்டுவதில் ஒன்றே ஒன்று. ஆறு மாசம், ஒரு வருஷம் மொத்தமாகக் கட்டினால் மோடம் இலவசம், இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். முதல் தடவை ஒரு மாசத்துக்கு மட்டும் எடுங்கள், முடிந்தால் ஐப்பசி கார்த்திகையில் எடுங்கள். ரெண்டு மழையும் ஒரு பவர்கட்டும் பார்த்தபின் இரவு ஒன்பது மணி சிங்கப்பூர் பிங்கும் ஆர்எக்ஸ் எண்ணும் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தால் வருஷத்துக்குக் கட்டலாம், இன்ஸ்டலேஷன் காசு ஐந்நூறோ ஆயிரமோ போனால் போகட்டும்.